தண்ணி வரிசையில் நின்ற புருஷன்

எங்கள் முகாமில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாருமே பார்த்திராத மனிதர் ஒருவர் இருந்தார். தையல்காரி அக்காவின் புருஷன்.

அக்கா ஊரில் பள்ளிச் சீருடை தைத்தவள். ஓடி வரும்போது கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நிஜப் புருஷன் குண்டு விழுந்த அன்றே செத்துப்போனார். முதல் முகாமின் பதிவு மேசையில் அதை அப்படியே சொல்லிவிட்டாள், பாவம். ஆம்பளை உள்ள குடும்பத்துக்குத் தாழ்ப்பாள் போட்ட தகர அறையாம். தனிப் பெண்களுக்கு நீளக் கொட்டகை, கதவுக்குப் பதிலாகத் திரைச்சீலை. அந்தத் திரையை விலக்கிப் பார்த்த கைகள் யாருடையவை என்று காவலுக்கு நின்றவர்களுக்குத் தெரியவே தெரியாதாம்! வயசுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அக்கா தூங்கவில்லை.

அதனால் எங்கள் முகாமுக்கு மாற்றியபோது உஷாராகிவிட்டாள்.

"வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார் எழுத்தர்.

"தண்ணி வரிசையில நிக்கிறாருங்க."

அந்த வரிசையின் நீளம் தெரிந்த எழுத்தர், மூன்று பேர் என்று எழுதி அறையைக் கொடுத்துவிட்டார்.

பிறகு அந்த மனிதரைக் கட்டிக் காப்பது எங்கள் வேலையாயிற்று. நிவாரண மூட்டையில் வந்த கட்டம்போட்ட துணியில் அக்கா ஒரு சட்டை தைத்துக் கொடியில் போட்டாள். வாசலில் கிடந்த செருப்பு பக்கத்து அறையில் இருந்த என் வீட்டுக்காரருடையது. அதிகாரிகள் வரும் நாளெல்லாம் அவர் வெறுங்கால்.

"இல்லாத ஆளுக்கு என் செருப்பா?" என்பார்.

"சும்மா இருங்க. அவரு உங்கள மாதிரி குறட்டை விடுறதில்ல" என்பேன்.

எங்கள் முகாமிலும் இருந்த கொட்டகையின் பெண்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. "அக்கா, எனக்கும் ஒரு புருஷன் தைச்சுக் குடு" என்று வந்து நின்றார்கள். அக்கா மாட்டேன் என்பாளா? எட்டுப் பேருக்குத் தைத்தாள். புருஷன் தேடி வந்து சேர்ந்துவிட்டார் என்று எழுத்தரிடம் சொல்லி, அவர்களும் அறை வாங்கிவிட்டார்கள். ஆனால் சீருடை தைத்துப் பழகிய கை அல்லவா, அத்தனைக்கும் ஒரே துணி, ஒரே அளவு!

புதிதாக வந்த மேலதிகாரி அம்மா கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒன்பதாவது சட்டையில் நின்றார்.

"இந்த ஒன்பது பேரும் எங்க?"

"தண்ணி வரிசையில" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

"நான் அங்கேருந்துதான் வரேன். வரிசையில ஒரு ஆம்பளகூட இல்ல. நிக்கிறது பூரா பொம்பளைங்க."

என் வீட்டுக்காரர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். அறை போனால் அக்காவின் மகள் மறுபடி திரைக்குப் பின்னால்தான். அவள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அக்கா சட்டையை உருவி அதிகாரியிடம் நீட்டினாள்.

"என் புருஷன் செத்துட்டாரும்மா. நான் கதவு கேட்டேன். நீங்க ஆம்பள இருக்கானான்னு கேட்டீங்க. அதான் தைச்சேன்."

அதிகாரி சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"கொட்டகையில இன்னும் எத்தன பேரு?"

"நாப்பத்தோரு பேரு."

"அத்தன கதவு வர ரெண்டு மாசம் ஆகும்." சட்டையை மடித்து அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "அதுவரைக்கும் வேற வேற துணியில தைங்க."