நாலு நாற்பது படகு

கண் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக முன்பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு எந்த டாக்டர், எத்தனை மணிக்கு என்று ஃபோனில் கேட்டு எழுதுவது வேலை. குரலை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவாள். அவசரம் அவசரம் என்கிறவர்களில் நிஜமாகவே பார்வை போய்க்கொண்டிருப்பவர் யார், வரிசையைத் தாண்டப் பார்க்கிறவர் யார் என்பது மூன்றாவது வார்த்தையில் தெரிந்துவிடும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்தக் கோடை விடுமுறை வரைக்கும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை நாளெல்லாம் மேலும் கீழும் போய்வருகிறவர், லீவு என்றால் சோபாவை விட்டு எழுந்திருக்கமாட்டார். பதினாலு வயசில் ஒரு பையன், பெரியவன். எட்டு வயசில் ஒரு பெண். அவளுக்குப் பேர் வைத்தது வீண். வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். எந்த ஊருக்குப் போவதானாலும் எங்கே இறங்குவது, எதைச் சாப்பிடுவது, எத்தனை துண்டு எடுப்பது என்று எல்லாம் டோக்கன் அக்கா தலையில்தான். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. போய்வருவதைவிடப் போவதற்கான திட்டத்தில்தான் அவளுக்கு ருசி.

அந்த வருஷம் கடற்கரை முகாமில் நாலு நாள் டெண்ட் போட்டுத் தங்குவது, எதிரே இருக்கிற தீவுகளுக்குப் படகில் போய்வருவது என்று முடிவாயிற்று. வீட்டுக்காரரோடு வேலை செய்கிற ஒருவர் டெண்டை இரவல் கொடுத்தார். அதை அவர் பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவை நகர்த்திவிட்டு நடுக்கூடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தொங்கியது.

"ஒரு கம்பி குறையுதுங்க."

"தொடைப்பக் கட்டையை வெச்சுக்கலாம் விடு."

"நாலு நாள் தொடைப்பக் கட்டைக்குக் கீழ படுக்கறதா?"

"வீட்லயும் அப்படித்தானே இருக்கேன்" என்றார் அவர். பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

கம்பியைத் தேடித்தான் டெண்ட் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். கம்பி இல்லை. நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. மூன்று தீவுகளின் படம், கீழே 'படகு விவரங்களுக்கு' என்று ஒரு ஃபோன் நம்பர்.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். முகாமைப் பார்த்துக்கொள்கிற அம்மாளிடம் ஏற்கெனவே விசாரித்திருந்தாள். பெரிய தீவுக்கு நாள் முழுக்கப் படகு உண்டு. ஆனால் கலங்கரை விளக்கம் இருக்கிற சின்னத் தீவுக்குக் காலையில் பதினொரு மணிக்கு ஒரு மோட்டார் படகுதான், அதுவும் மூன்று மணிக்குத் திரும்பிவிடும் என்றிருந்தார் அந்த அம்மாள். அவ்வளவு தூரம் போய் அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஓடி வருவதா என்று இவளுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு அந்த நம்பரைப் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"படகுத்துறை. சொல்லுங்கம்மா."

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. பெண்கள்தான் அதிகம் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். நிதானமான, மரியாதையான ஆண் குரல். பின்னால் தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. தன் மேசையிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"சின்னத் தீவுல இருந்து சாயங்காலமாத் திரும்ப ஏதாவது இருக்குங்களா?"

"மேற்குத் துறைக்கு வந்துடுங்க. நாலு நாப்பதுக்கு ஒண்ணு இருக்கு. எத்தனை பேர்?"

"நாலு பேர். அதுல ரெண்டு பேர் பசங்க."

"சரிம்மா. பாப்பாவுக்கு எட்டு வயசுதானே, கையைப் பிடிச்சுக்கங்க. பலகை வழுக்கும்."

அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் சுருக்கென்றது. பெண் குழந்தை என்றோ, எட்டு வயசு என்றோ அவள் சொல்லவே இல்லை.

"பேச்சுவாக்குல நீயே சொல்லியிருப்ப" என்றார் வீட்டுக்காரர்.

இருக்கலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று தடவை பேசினாள். ஒவ்வொரு தடவையும் அதே ஆள், அதே தண்ணீர்ச் சத்தம். தேதி சொன்னபோது, "நாலு சீட்டு எடுத்து வெச்சுட்டேன்" என்றார். கடைசித் தடவை, கிளம்புவதற்கு முந்தின வாரம், அவரே கொஞ்சம் நேரம் பேசினார்.

"கொஞ்சம் லேட்டானாலும் பயப்படாதீங்க. நீங்க நாலு பேரும் வர்ற வரைக்கும் நிறுத்தி வெக்கச் சொல்றேன்."

"ஐயோ, எங்களுக்காக மத்தவங்கள ஏன் காக்க வெக்கணும்?"

"அவங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா" என்றார்.

முகாமில் முதல் இரண்டு நாளும் பெரிய தீவிலேயே சந்தோஷமாகக் கழிந்தன. வாலு மூக்குத் தோல் உரிகிற அளவுக்கு வெயிலில் ஆடினாள். குறைந்த கம்பிக்குப் பதிலாக வீட்டுக்காரர் படகுத் துடுப்பு ஒன்றை நட்டு வைத்து, அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். மூன்றாம் நாள் சின்னத் தீவுக்குக் கிளம்பினார்கள். மோட்டார் படகை ஓட்டியவன் புது ஆள், அந்தக் கோடையில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். கிழக்குக் கரையில் இறக்கிவிட்டுச் சொன்னான்.

"மூணு மணிக்கு இங்க வந்து நிப்பேன்."

"நீங்க வர வேணாம்பா. நாங்க மேற்குத் துறையில நாலு நாப்பது படகுல வர்றோம். ஆஃபீஸ்ல பேசியாச்சு."

அவன் தலையைச் சொறிந்தான். "அந்தப் பக்கம் ஏதாவது ஓடுதா என்னன்னு எனக்குத் தெரியலக்கா. எதுக்கும் வந்து பாத்துட்டுத்தான் போவேன்."

கலங்கரை விளக்கத்தைச் சுற்றிப் பார்த்து, பாறை நிழலில் சாப்பிட்டு, ஒற்றையடிப் பாதையில் தீவைக் குறுக்காகக் கடந்தபோது மணி நாலு. பாதை வரவரக் குறுகிப் போயிற்று. முட்செடிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டின. வெயில் அடித்துக்கொண்டிருந்த வானம் எப்போது மங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தபோது கடலே தெரியவில்லை; கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும்தான். அதற்குள் நீண்டு போகிற ஒரு மரத்துறை, அது தொடங்குகிற இடத்தில் ஒரு சீட்டு அறை.

அறை பூட்டியிருந்தது. பூட்டில் துருவேறி மண் மாதிரி உதிர்ந்தது. சுவரில் நேரம் எழுதிய பலகை தொங்கியது. பெயின்ட் வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது: பத்து இருபது, ஒன்று பதினைந்து, நாலு நாற்பது.

"நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே எங்கோ தூரத்தில் கேட்டது.

வீட்டுக்காரர் அறைக்குப் பின்னால் போய் ஃபோன் கம்பியைப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு வயர் என்றால் கண் தானாகப் போகும்.

"கம்பம் விழுந்து கெடக்கு. வயர் மேல மரமே மொளைச்சிருக்கு. இந்த ஃபோன் செத்து இருபது வருஷம் இருக்கும்."

"அம்மா, இங்க பாருங்க" என்றான் பெரியவன். சீட்டுக் கொடுக்கிற சின்ன ஜன்னலின் விளிம்பில், ஒரு கூழாங்கல்லுக்கு அடியில் நாலு சீட்டு. இரண்டு முழுச் சீட்டு, இரண்டு அரைச் சீட்டு. காகிதம் புத்தம் புதிதாக இருந்தது.

அவள் கைப்பையிலிருந்து மொபைலை எடுத்து அந்த நம்பரைப் போட்டாள். அறைக்குள் மணி அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் மொபைலில் எடுத்தார்கள்.

"வந்துட்டீங்களா?" என்றது அதே நிதானமான குரல். "படகு கிளம்பிருச்சும்மா. இதோ வந்துட்டே இருக்கு."

இடது காதில் குரலுக்குப் பின்னால் தண்ணீர் பலகையில் மோதியது. வலது காதில், அவள் காலுக்கடியில், அதே சத்தம் அதே கணத்தில் கேட்டது.

"நீங்க எங்க இருந்து பேசறீங்க?"

"பாப்பா கையைப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னேனே" என்றது குரல்.

அவள் திரும்பினாள். வாலு பக்கத்தில் இல்லை. துறையின் கடைசிப் பலகையில், பனிமூட்டத்தின் விளிம்பில் நின்று யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. எல்லாருமே கேட்டார்கள், பிற்பாடு எத்தனையோ விஷயத்தில் அந்தக் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு வந்தாலும் இதில் வரவில்லை. மூன்று தடவை மணி, அப்புறம் எஞ்சின் அடங்குகிற இரைச்சல். ஏதோ கனமான ஒன்று பக்கவாட்டில் வந்து அணைந்ததுபோலத் துறை முழுக்க ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாலு ஒரு காலைத் தூக்கி, தண்ணீருக்கு மேல் வெறும் காற்றில் வைக்கப் போனாள்.

எப்படி ஓடினாள் என்று டோக்கன் அக்காவுக்கு நினைவில்லை. சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்ததுதான் தெரியும். இருவரும் பலகையில் விழுந்தார்கள்.

"ஏம்மா இழுக்கறீங்க? அந்த அங்கிள் கை குடுக்கறாரு பாருங்க!" என்று அழுதாள் வாலு.

மொபைல் இன்னும் அவள் கையில் இருந்தது. குரல் காத்துக்கொண்டிருந்தது. ஓடுவதா, கத்துவதா என்று எதுவும் தோன்றவில்லை. பதினாறு வருஷப் பழக்கம்தான் வாயில் வந்தது.

"சார், எங்க நாலு சீட்டையும் கேன்சல் பண்ணிடுங்க. நாங்க வரல."

கோபமோ வருத்தமோ இல்லாமல், குரல் சொன்னது.

"சரிம்மா. உங்க இடத்தை வேற யாருக்காவது குடுத்துடறேன்."

ஆஸ்பத்திரி மேசையில் அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வார்த்தை அது. இணைப்பு அறுந்தது. மணி ஒருமுறை அடித்தது, எஞ்சின் கிளம்பியது, சத்தம் மெல்லமெல்லத் தேய்ந்து மேற்கே போய் மறைந்தது. துறையில் ஓர் அலைகூட இல்லை.

வீட்டுக்காரர் வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லாரும் வந்த வழியே நடந்தார்கள். கிழக்குக் கரையில் வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் படகுக்காரன் மூன்று மணியிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"மனசு கேக்கலக்கா. அதான் இருந்தேன்" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதுவிட்டாள்.

முகாம் அம்மாள் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மேற்குத் துறையை மூடி இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா. கடைசியாப் போன நாலு நாப்பது படகு கரைக்கு வந்து சேரல. முப்பத்தாறு பேர். அன்னிக்குச் சீட்டுக் குடுத்த மனுஷனும் வீட்டுக்குப் போகணும்னு அதுலதான் ஏறினாரு."

மறுநாளே அந்தப் பாதையைக் கம்பி வேலி போட்டு அடைக்கச் சொன்னார். இவர்கள் ஒரு நாள் முன்னதாகவே ஊருக்குத் திரும்பினார்கள். வாலு நாலைந்து நாளில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். டோக்கன் அக்காவால் முடியவில்லை. அந்த ஆள் தங்கள் இடத்தை யாருக்குக் கொடுத்திருப்பார் என்பதுதான் அவளை அரித்தது. மேசையில் யாராவது ரத்து செய்யச் சொன்னால், வழக்கமாகச் சொல்கிற அந்த வார்த்தை நாக்கில் ஒட்டிக்கொண்டு வராது. "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள்.

கோடை நெருங்கும்போதெல்லாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனசைத் திடப்படுத்திக்கொண்டு அந்த நம்பரைப் போட்டுப் பார்ப்பாள். நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வரும். மூச்சு விட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். மூன்று வருஷம் அப்படியே போயிற்று. நாலாம் வருஷம் நம்பரைப் போட்டபோது எங்கேஜ்டு ஒலி வந்தது. பத்து நிமிஷம் கழித்துப் போட்டாள். அப்போதும் அதே ஒலி. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

உடனே முகாமுக்கு ஃபோன் செய்தாள். முகாம் அம்மாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஆளைப் போட்டுப் பாத்துக்கறேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு மோட்டார் படகுக்காரன் தீவைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய்வந்தான்.

பதினோராம் நாள் மாலை முகாமிலிருந்து அழைப்பு வந்தது. கம்பி வேலியைத் தாண்டிப் போய்த் துறையில் நின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தை அவன் கூட்டி வந்துவிட்டானாம். நாலு பேர். சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய காகிதத்தில் நம்பரைப் பார்த்தார்களாம். முகாம் அம்மாள் விவரம் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குடும்பத்துப் பெண்ணே ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"யாருங்க நீங்க? ரெண்டு மாசமாப் பேசி வெச்சு, தேதி வாங்கி வந்திருக்கோம். ஒரு நல்ல மனுஷன் எங்களுக்காகப் படகை நிறுத்தி வெச்சிருக்காரு. வலுக்கட்டாயமா இழுத்துட்டு வந்துட்டான் உங்க ஆளு. பசங்க அழுதுட்டே இருக்காங்க. எங்க லீவைக் கெடுக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?"

டோக்கன் அக்கா குறுக்கே பேசவில்லை. எத்தனையோ பேரின் கோபத்தைக் கேட்டுப் பழகிய காது. அந்தப் பெண் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பசங்க ரெண்டு பேரும் உங்க பக்கத்துலயே இருக்காங்களாம்மா?"

"இருக்காங்க. ஏன்?"

"ஒண்ணும் இல்ல" என்றாள். "நீங்க திட்டுங்க. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."