ஆறு மணிக்கு மூடும் மலை

சிங்கப்பூரில் பிறந்த எனக்கு ஏழு வயதுவரை குளிர் என்றால் தெருமுனையில் சீவி உருட்டித் தரும் ஐஸ் உருண்டைதான். கையில் வாங்கினால் உள்ளங்கை மரத்துப்போகும், சிவப்புச் சாறு முழங்கைவரை வழியும். அதற்கு மேல் குளிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஊரே குளிராக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே வாயைத் திறந்தால் புகை வரும் என்று அப்பா சொன்னபோது, வழக்கம்போல் கதை விடுகிறார் என்றே நினைத்தேன்.

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் மேலாளருக்குக் கார் ஓட்டினார். எங்கள் வீட்டில் அவருக்குத் துரை என்றுதான் பெயர். மலாயாவில் ஒரு மலையின் உச்சியில், அந்தத் துரையைப் போன்றவர்கள் சிலர் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சின்ன ஊரையே வைத்திருந்தார்கள். கல்லால் கட்டிய பத்துப் பன்னிரண்டு பங்களாக்கள், ஒரு கிளப், ஒரு கோல்ஃப் மைதானம், சுற்றிலும் ரோஜாத் தோட்டங்கள். அங்கே வீடு வைத்திருப்பவர்கள், அவர்களுடைய விருந்தாளிகள், வேலைக்காரர்கள் தவிர வேறு யாரும் ஏற முடியாது. வருஷத்தில் ஒரு மாதம் துரை குடும்பத்தோடு அங்கே போய்விடுவார். கார் ஓட்ட அப்பாவும் போவார். நாங்கள் போனதில்லை.

அந்த வருஷம் துரை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கால் உடைந்து படுத்துவிட்டாள். அம்மா அந்த வீட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கும் அவளிடம் ஒட்டுதல் உண்டு. பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வேறு வேலை எதுவும் இல்லை, மகளையும் அழைத்து வரலாம் என்று துரைசாணி கேட்டாள். அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இந்த நேரத்துல மலை எதுக்கு? இங்கன்னா பிரசவ ஆஸ்பத்திரி நடந்து போற தூரத்துல இருக்கு" என்றார்.

நாங்கள் இருந்தது சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில். பலகை வைத்துத் தடுத்த அறை, ஜன்னல் கிடையாது. பக்கத்து அறையில் யாராவது திரும்பிப் படுத்தால் எங்கள் பலகை முனகும்.

"நாள் பூரா ஈரத்துணியப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் அம்மா. "ஒரு மாசம் நல்லா மூச்சு விட்டுட்டு வரேனே. பிள்ளை பொறக்கறதுக்குள்ள வந்துரப் போறோம்."

அவள் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார் போலிருக்கிறது. சரி என்றுவிட்டார்.

துரை குடும்பம் ரயிலில் போயிற்று. பெட்டிகளோடு நாங்கள் காரில் போனோம். துரை உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்து, தொப்பி இல்லாத தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவதுபோல் வழியெல்லாம் ரப்பர் மரங்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மலைப்பாதை ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலம். அதனால் மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகளை விடுவார்கள், அடுத்த மணி நேரம் இறங்கும் வண்டிகளை. மாலை ஆறு மணி ஆனதும் இரண்டு வாசலிலும் தடுப்புக்கட்டையை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்த காலம் அது. கீழ் வாசலில் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு விளையாட்டுபோல் இருந்தது. பகலில் கட்டை மேலே போகும்போதெல்லாம் ஓடிப்போய் நின்று பார்ப்பேன்.

அப்பா சொன்னது பொய்யில்லை. மேலே போய் இறங்கியதும் என் வாயிலிருந்து புகை வந்தது. அம்மாவை ஊதச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஊதினாள். பிறகு தினமும் காலையில் இருவரும் எதிரெதிரே நின்று ஊதிக்கொள்வது வழக்கமாயிற்று. துரைசாணி கொடுத்த பழைய கம்பளிச் சட்டை அம்மாவின் வயிற்றுக்கு மேல் பொத்தான் போட வராது. அதைத் திறந்தபடியே போட்டுக்கொண்டு, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தபடி புல்வெளியில் உட்கார்ந்திருப்பாள். பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கென்று கொடுத்த அறையில் இரவெல்லாம் அசையாமல் தூங்கினாள். அவளுடைய கன்னம் சிவந்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

ஊருக்குத் திரும்ப இன்னும் பாதி மாதம் இருக்கும்போது அது நடந்தது. சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டது. கொடியில் கிடந்த பிள்ளைகளின் துணிகளை எடுக்க அம்மா சமையலறைப் பின்வாசல் வழியாக இறங்கினாள். அந்தப் படியில் பாசி பிடித்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. துணிகளை நெஞ்சோடு அணைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். புடவை நனைந்திருந்தது.

"அப்பாவக் கூப்பிடு" என்றாள்.

அப்பா கோல்ஃப் மைதானத்தில் துரைக்காகக் காத்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னதும் துரை யோசிக்கவே இல்லை. காரை எடுத்துக்கொண்டு உடனே கீழே போ என்று சொல்லிவிட்டு, தன் கோல்ஃப் மட்டைகளைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். சமையல் வேலை பார்த்த சீனப் பெண் பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "சபார், சபார்" என்று மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். பொறு, பொறு என்று அர்த்தம்.

வாசலுக்கு நாங்கள் போனபோது கட்டை இறங்கியிருந்தது.

காவல்காரரை அங்கே ஜாகா என்பார்கள். அன்று நின்றவர் தமிழர்தான், அடிவாரத் தோட்டத்திலிருந்து வந்தவர். அப்பா இறங்கி ஓடினார். "கட்டையத் தூக்குய்யா, வீட்டுக்காரிக்கு வலி எடுத்திருச்சு."

"சாவி எங்கிட்ட இல்லண்ணே. ஆறு அடிச்சதும் கிளப்புல குடுத்துரணும்."

"உடைச்சிரலாம்."

ஜாகா காருக்குள் குனிந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இத உடைச்சிரலாம்ண்ணே. கீழ சிப்பாய் நிக்கிறான். இருட்டுன பொறவு வண்டி வெளிச்சத்தக் கண்டா யாரு என்னன்னு கேக்க மாட்டான். உள்ள அக்காவும் பிள்ளையும் இருக்கு பாருங்க."

அப்பா கிளப்பை நோக்கி ஓடினார். நாங்கள் காரில் காத்திருந்தோம். கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து வெள்ளையாகிவிட்டது. நான் அதில் விரலால் ஒரு பூனை வரைந்தேன். அம்மா என் இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடி இறுகும்போதெல்லாம் எனக்கு வலித்தது, ஆனால் சொல்லவில்லை. ஓடிப்போன அப்பா நடந்து திரும்பி வந்தார்.

அந்த மலையூரை நிர்வகித்த செயலாளர் கெட்டவர் இல்லை என்று அப்பா பின்னாளில் எப்போதும் சொல்வார். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தாராம். கீழே ராணுவ முகாமுக்குத் தொலைபேசியில் பேசி, குரலை உயர்த்திக்கூடக் கேட்டாராம். விடியும்வரை எந்த வண்டியும் இறங்கக் கூடாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். செயலாளர் அப்பாவின் தோளில் கை வைத்து, ஒரு புட்டி பிராந்தி கொடுத்து அனுப்பினார். யாரைக் குற்றம் சொல்ல முடியும்? அன்றைக்கு அந்த மலையில் எல்லாருமே நல்லவர்களாக இருந்தார்கள்.

திரும்பி எங்கள் அறைக்கே வந்தோம். துரைசாணி துவாலைகளை அள்ளிக்கொண்டு தானே வந்தாள். என்னைப் பங்களாவுக்குள் அனுப்பிவிட்டார்கள். துரையின் பிள்ளைகளோடு, மெத்தைக் கட்டிலில், சுடுதண்ணீர் நிரப்பிய ரப்பர் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். தூங்குமுன் கோக்கோ கொடுத்தார்கள். அதுவரை என் வாழ்வில் அப்படி ஓர் இரவு வந்ததில்லை என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

காலையில் அப்பா வந்து அழைத்துப் போனார். தம்பி பிறந்திருந்தான். வெளிச்சம் வரும்வரை உயிரோடு இருந்தான் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். சீனப் பெண் அறை வாசலில் அவனைக் கையில் வைத்திருந்தாள். அந்தக் கம்பளிச் சட்டையில் சுற்றியிருந்தார்கள். முடி நிறைய இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் வாயிலிருந்து புகை வந்தது, அப்பா வாயிலிருந்து வந்தது, எனக்கும் வந்தது.

"தம்பிக்கு ஏம்ப்பா புகை வரல?" என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளைல்ல" என்றார் அப்பா.

உள்ளே அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வேலிக்குள் புதைக்க அந்த ஊரின் விதி இடம் கொடுக்கவில்லை. தோட்டக்காரர் மண்வெட்டி எடுத்துக்கொண்டார், அப்பா ஒரு தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார், ஜாகா முன்னால் நடந்தார். வாசலை உரிய நேரத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். மூன்று பேரும் பனிக்குள் போனார்கள். கொஞ்ச தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள்.

மறுநாள் எங்களை ரயில் ஏற்றிவிட அப்பா கீழே வந்தார். துரையின் விடுமுறை முடியவில்லை என்பதால் அவர் திரும்ப மேலே போகவேண்டியிருந்தது. ரயில் நிலையத்தில் அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தப் பக்கம் தலை வெச்சீங்க?"

அப்பா "பனியா இருந்துச்சு" என்றார். "தெக்கு வடக்கு தெரியல."

அதன் பிறகு அந்த இடத்தைப் பற்றி அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. எனக்கு வேறு தம்பி தங்கைகளும் பிறக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகும் வருஷாவருஷம் துரையோடு அந்த மலைக்குப் போய்வந்தார், போகாமல் இருக்கும் நிலை எங்களுக்கு இல்லை. அந்த இடத்தைத் தேடிப் பார்த்தாரா என்று தெரியாது. அந்தக் காடு ஒரு மழைக்காலத்துக்குள் எதையும் மூடிவிடும். ஒவ்வொரு முறையும் துரைசாணி அம்மாவுக்கென்று ஒரு சீசா ஸ்ட்ராபெர்ரி ஜாம் கொடுத்தனுப்புவாள். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைப்பாள். யாரும் திறந்ததில்லை. பல வருஷம் கழித்து, நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சீசாக்களைப் பார்த்து அம்மா, "நான்தான் போலாம்னு சொன்னேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

ஆனால் அன்று ரயிலில் ஏறும்போது எனக்கு இது எதுவும் தெரியாது. "தம்பிக்கு நம்ம ஊருச் சூடு தாங்காது, அதான் மேலேயே விட்டுட்டுப் போறோம்" என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நான் முழுக்க நம்பினேன். எங்கள் அறையின் வேக்காட்டில் கிடப்பதைவிடக் குளிரில் புல்வெளியோடு இருப்பது அவனுக்கு நல்லதுதான் என்று பட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். சிங்கப்பூர் வந்து இறங்கும்போது அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது. தண்ணீர்க் கூஜா சிந்திவிட்டது என்று நினைத்தேன்.

வீடு வந்து மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். பக்கத்து அறை அக்கா வந்து தொட்டுப் பார்த்தாள். அவளுடைய வீட்டுக்காரர் சிராங்கூன் சாலையில் பூக்கடை வைத்திருந்தார். அக்கா இறங்கிப் போய், வாழை இலையில் பெரிய பொட்டலமாக மல்லிகை கொண்டுவந்தாள். பலகை அறை முழுவதும் கல்யாண வீடுபோல் மணத்தது.

பால் கட்டிக்கொண்டால் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும் என்பது எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கு அவ்வளவு பூ வந்திருக்கிறது, எனக்கு ஒரு கிள்ளுகூட இல்லை என்பதுதான். கதவைச் சாத்தப் போன அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தேன்.

"அம்மாவுக்கு மருந்துடி அது" என்றாள் அக்கா.

"கொஞ்சம் குடுக்கா அவளுக்கு" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆசப்படுறா."

அக்கா ஒரு துண்டு நூலில் அவசரமாகத் தொடுத்து என் சடையில் செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் படிகளில் தடதடவென்று இறங்கிக் கீழே நடைபாதைக்கு ஓடினேன். எண்ணெய்க் கடையில் நின்றிருந்த, எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பாப்பா, சாதாரண நாளுல தல நிறையப் பூ? வீட்டுல எதும் விசேஷமா?"

"ஆமா" என்றேன். "தம்பி பொறந்திருக்கான்."