வலது பக்க ஹெட்போன்

அடுத்தவருக்குக் காது கேட்கிறதா என்று சோதித்துச் சொல்வதற்கு நான்கு வருடம் படித்தேன். படித்தால் மட்டும் போதாது. டெல்லியில் இருக்கும் கவுன்சில் ஒரு பதிவு எண் தர வேண்டும். அது இல்லாமல் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது. விண்ணப்பித்தேன். முதல் தடவை போட்டோவைத் திருப்பிவிட்டார்கள். என் இரண்டு காதும் தெரியவில்லையாம். அடேயப்பா, எவ்வளவு அக்கறை! முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில், சங்கிலி அறுத்து மாட்டிக்கொண்டவள் மாதிரி முறைத்தபடி இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரிதான். பல் விளக்குவதற்கு முன்னால் தினமும் அதைத்தான் பார்ப்பேன்.

எண் வரும்வரை வீட்டில் உட்கார முடியாது என்று திண்டிவனத்தில் ஒரு காது மெஷின் கடையில் சேர்ந்தேன். ஓனர் அதற்கு முன்பு செல்போன் கவர் விற்றவர். கவர் விற்ற அதே வாயால் காது மெஷினும் விற்றார். வெள்ளைக் கோட்டு ஒன்று வைத்திருந்தார். டீ வாங்கப் போனால்கூட அதைக் கழற்றமாட்டார். சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பதிவுச் சர்டிபிகேட் தொங்கியது. அது சென்னையில் இருக்கும் ஒரு சாருடையது. அந்தப் பெரிய மனிதர் மாதம் ஒரு தடவை வருவார். வெற்று ரிப்போர்ட் தாள்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போடுவார். பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவார். சோதிப்பது நான், தாளில் போவது அவர் பெயர்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி, அந்தச் சர்டிபிகேட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார் ஓனர். காது சோதிக்கும் கருவிக்கும் வைத்தார். ஹெட்போனைத் தலைகீழாகத் தொங்கவிட்டுத் துடைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். இதெல்லாம் ஒரு கடை, இவரெல்லாம் ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டே சுண்டல் தின்றேன்.

அதற்கு அடுத்த மாதம் கெடார் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மல்லாட்டைக் கடலை பிடுங்கவும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிறவர். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள்தான் கூட்டிவந்தாள். அந்த அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்து இடது காது போய்விட்டது. வலது காதை வைத்துத்தான் பிழைப்பு. பெஞ்சில் காத்திருந்தபோது அந்த வலது காதில் போனை வைத்து, மறுநாள் யார் யார் வேலைக்கு வருகிறார்கள் என்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

சோதித்தேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். இடது பக்கம் சத்தத்தை நிறையக் கூட்டிய பிறகு கையைத் தூக்கினார். வலது பக்கம் உச்சம் வரைக்கும் போனேன், கை எழவே இல்லை.

"வலது காது சுத்தமா போயிடுச்சும்மா" என்றேன்.

"இன்னா பாப்பா இப்படிச் சொல்ற? இந்தக் காதுலதான இப்ப போன் பேசிக்கினு இருந்தேன்?"

ஓனர் எட்டிப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லுமாம்மா? படிச்ச பொண்ணு சொல்றாங்க இல்ல?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சீழ் வடிகிற இடது காதில் மெஷின் வைக்க முடியாது என்று, இருப்பதிலேயே சத்தமான மெஷினை எடுத்து வலது காதில் மாட்டிவிட்டார் ஓனர். இரண்டு வாரத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார்.

"தலைய பொளக்குது பாப்பா. பஸ்ஸு ஆரன் அடிச்சா உசுரே போவுது. ஒரே பேஜாரா இருக்குது."

"பழகிடும்" என்றார் ஓனர். "காலையில போட்டா படுக்கப் போறப்பதான் கழட்டணும்."

நான் பேட்டரி மாற்றிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒருநாள் எண் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். ஓனர் சென்னை சாரின் சர்டிபிகேட்டை அன்றைக்கே கழற்றிவிட்டு, "இனிமே நம்ம மேடம் சைன்தான். ஜல்தி கண்ணாடி போட்டுக்கினு வாங்க" என்றார். எனக்கு ஒரே பூரிப்பு. என் சர்டிபிகேட் சுவரில் ஏறிய மறுநாள் காலை, ரிப்போர்ட்டில் என் பெயர் போகப்போகிறது என்ற பயத்தில், அந்தக் கடையில் முதன்முறையாக ஹெட்போனை என் காதில் மாட்டிக் கேட்டேன்.

தினமும் செய்ய வேண்டிய வேலை அது. காலேஜில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்: முதலில் உன் காதில் வைத்துப் பார், பிறகு அடுத்தவர் காதில் வை. இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை நான் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. என் பெயரா கெடப்போகிறது என்ற திமிர்.

இடது பக்கம் சத்தம் வந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. உச்சத்துக்கு ஏற்றினேன், அப்போதும் இல்லை. ஒயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. ஓனர் வைத்த குங்குமம் மட்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஆயுத பூஜைக்குப் பிறகு வந்தவர்களில் ஒருவருக்கும் வலது காது இல்லை. அத்தனையும் நான் என் கையால் எழுதியது. ஓனரைப் பார்த்துச் சிரித்தேனே, சென்னை சாரைப் பார்த்துச் சிரித்தேனே, என்னைவிடக் கேவலமான ஆள் அந்தக் கடையில் உண்டா?

"ஒயர்தான மேடம்? டேப்பு சுத்திக்கலாம்" என்றார் ஓனர்.

ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். முதல் போன் கெடார் அம்மாவின் மகளுக்கு. மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அந்த அம்மா அதை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டார்.

நன்றாக இருந்த இடது பக்க ஹெட்போனையே இரண்டு காதுக்கும் மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தேன். வலது காதில், சாதாரணமாகப் பேசுகிற அளவுச் சத்தத்துக்குக் கை எழவில்லை; கத்துகிற அளவுக்குக் கூட்டியும் எழவில்லை. காது மெஷின் அத்தனை மாதம் அந்த நல்ல காதுக்குள் கத்தித் தீர்த்திருந்தது. என் எண்ணைப் போட்டு நான் கையெழுத்திட்ட முதல் ரிப்போர்ட் அதுதான்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அன்னைக்கே சொன்ன பாப்பா, இந்தக் காதும் போச்சுன்னு. நான்தான் நம்பல."

"இல்லம்மா" என்றேன். "அன்னைக்கு உங்க காது நல்லா இருந்துச்சு. சோதிக்கிற மெஷின்தான் கெட்டுக் கெடந்துச்சு. நான் பாக்கல. என் தப்பு."

"இன்னா சொல்ற பாப்பா? கேக்கல."

மகளுக்குக் கேட்டுவிட்டது. அவள் திருப்பிச் சொல்லவில்லை. சுவரில் சர்டிபிகேட்டில் இருந்த என் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அந்த அம்மாவின் வலது காதுப் பக்கம் குனிந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன்.

ஓனர் ஓடிவந்தார். "மேடம், மேடம், மெதுவா. ரோடு வரைக்கும் கேக்குது."

அந்த அம்மாவுக்கு இன்னும் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன்.