தலைக்கு ஊற்றிய காலை

என் மனைவி காய்ச்சலில் சாகவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் செத்தாள். இதைச் சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ரத்தப் பரிசோதனையில் டிங்கி என்று தெரிந்ததும் நான் கொசுவின் மேல் பாய்ந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்கள் வீட்டின் பூந்தொட்டித் தட்டுகள், குளியலறை வாளி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்தேன். பின்பக்கம் கட்டடம் கட்டுகிறவர்களைத் திட்டினேன். மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்கும் போனேன். என் வீரமெல்லாம் இதற்குத்தான் பயன்பட்டது.

தினமும் வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மூன்று நாள் போனோம். காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் காலை அவள் நெற்றியில் சூடே இல்லை.

"என்னங்க, காய்ச்சல் விட்டிருச்சு. இன்னைக்குமா ஊசி குத்திக்கணும்? வேணாம்லா."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வரிசையில் போய் உட்கார எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது.

காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். வெந்நீர் வைத்து நானே ஊற்றினேன். மிளகு ரசத்தில் சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு வலிக்கிறது என்றாள். நாலு நாள் காய்ந்த வயிறு, அப்படித்தான் இருக்கும் என்றேன். கை சில்லிட்டிருந்தது. குளித்த ஈரம் என்று நினைத்து இன்னொரு முறை துவட்டிவிட்டேன். வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணயர்ந்தாள். நன்றாகத் தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

மத்தியானம் எழுப்பப் போனால், அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அவசரப் பிரிவில் திரைக்கு அந்தப் பக்கம் அவளைக் கொண்டுபோனார்கள். தாதி ஒரு பெண், நம்மவள்தான், என்னிடம் வந்து கேட்டாள்.

"அங்கிள், காய்ச்சல் எப்போ விட்டுச்சு?"

"இன்னைக்குக் காலையில. சுத்தமா விட்டிருச்சு," என்றேன், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

"விடுற அன்னைக்குத்தான் அங்கிள் ஆபத்து. ரத்தக்குழாய்ல இருந்து தண்ணி கசிஞ்சிரும். வயிறு வலிச்சா, வாந்தி எடுத்தா, கை கால் சில்லுன்னு ஆனா உடனே வரணும்னு கிளினிக்ல சொல்லலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் மேலாவது பழியைப் போட அந்த நேரம் நெஞ்சு துடித்தது.

"சொன்னாங்கம்மா," என்றேன்.