அக்கா வீட்டு என்ஜின்

மாமா இறந்து ஓராண்டு ஆகியிருந்தபோது, அக்கா என்னைச் செமிலிங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொன்னாள். எதற்கென்று போனில் சொல்லவில்லை. போய் இறங்கியதும் வீட்டு முகப்புப் போர்ச்சில் நின்ற மாமாவின் காரைக் காட்டினாள்.

"இதோட என்ஜினைக் கழட்டிரு தம்பி."

நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். கழற்றுவது பெரிய காரியமில்லை. ஆனால் யாரும் ஓட்டாத காரின் என்ஜினை எதற்குக் கழற்ற வேண்டும்? வேண்டாமென்றால் காரையே கொடுத்துவிடலாமே என்றேன்.

"காரு இருக்கட்டும். அவரு உக்காந்த சீட்டு. என்ஜின்தான் வேணாம். காலையில ஸ்டார்ட் ஆகுது."

"பேட்டரியே இல்லக்கா. நான்தானே கழட்டிக்கிட்டுப் போனேன்."

"தெரியும். ஆனாலும் ஸ்டார்ட் ஆகுது."

அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பேன், இல்லையென்றால் டாக்டரிடம். அக்காவிடம் அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை. மாமா இறந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன்.

மாமா செம்பனை எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டியவர். விடிவதற்கு முன்பே எழுந்து, காரை ஸ்டார்ட் செய்து சூடாக விட்டுவிட்டு, நின்றபடியே கோப்பி குடிப்பார். அன்றும் ஸ்டார்ட் செய்தார். அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கார் கிளம்பும் சத்தம் வரவில்லையே என்று அக்கா வெளியே வந்து பார்த்தபோது ஸ்டீரிங்கில் சாய்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஓடிவந்து, மாமாவைத் தூக்கித் தன் காரில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார். அந்தப் பதற்றத்தில் மாமாவின் காரை நிறுத்த வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

தகவல் வந்து நான் மருத்துவமனைக்குப் போனபோது, செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. மதியம் நான் அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். சந்து முனையில் திரும்பும்போதே கேட்டது. ஓட்டுநர் பக்கக் கதவு விரியத் திறந்தபடி, அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன் போய்விட்டார், அவர் முடுக்கியது நிற்கவில்லை. போர்ச் முழுக்கப் புகை நாற்றம். சாவியைத் திருப்பக் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு போட்டது. அதுவா நிக்கட்டும்."

சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலி போட்டார்கள், கூடாரம் கட்டினார்கள். எல்லோரும் காரைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா எப்போதும் கடைசிச் சொட்டு வரை ஓட்டுகிறவர். சாயங்காலம் என்ஜின் இரண்டு தடவை இருமி, உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அக்கா அழுதாள். மாமாவின் உடலைக் கொண்டுவந்த வேன் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த பட்டறையிலிருந்து மூன்று கால் இரும்புச் சட்டமும், அதில் தொங்கவிட்டுக் கனம் தூக்கும் செயின் பிளாக்கும் இரவல் வாங்கி வந்தேன். அந்தப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் கூப்பிடாமலே உதவிக்கு வந்தார். தமிழர்கள் நிறைந்த சிடாம் கிரி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அக்கா அவரை மலாயில் அண்ணன் என்று பொருள்படும்படி அபாங் என்பாள், அவர் அக்காவைத் தங்கச்சி என்பார்.

காரைத் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தோம். முன் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். எண்ணெயையும் தண்ணீரையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்து, வயர்களையும் குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவரிடம் கேட்டாள்.

"அபாங், காலையில உங்களுக்கும் கேக்குதுதானே?"

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"காலையில எத்தனையோ காரு ஓடுது தங்கச்சி," என்றார்.

நான் காருக்குள் குனிந்துகொண்டேன்.

என்ஜினைப் பிடித்திருக்கும் தாங்கிகளின் கடைசி போல்ட் என்று நினைத்ததையும் கழற்றிவிட்டு, இழுக்கச் சொன்னேன். அவர் சங்கிலியைக் கை மாற்றி மாற்றி இழுத்தார். என்ஜின் கொஞ்சம் எழும்பியது. கூடவே காரின் மூக்கும் எழும்பியது. முன்சக்கரங்கள் தரையைவிட்டுக் கிளம்பப் பார்த்தன. இரும்புக் கால்கள் முனகின.

"விட மாட்டேங்கிறாரு லா," என்றாள் அக்கா.

"எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்குக்கா. இறக்குங்க அண்ணே, இறக்குங்க."

இறக்கிவிட்டு டார்ச் அடித்துத் தேடினேன். பின்பக்கத்தில், கை எட்டாத மூலையில், ஒரு தாங்கியின் போல்ட்டை மறந்திருந்தேன். என் வேலையில் இப்படி மறக்கிறவன் இல்லை நான். அதையும் கழற்றினேன்.

இந்தத் தடவை என்ஜின் சட்டென்று விடுபட்டு மேலே வந்தது. வந்த வேகத்தில் சங்கிலியில் இப்படியும் அப்படியும் ஆடியது. "கிட்ட வராதீங்க" என்று கத்தினேன். அதற்குள் அக்கா எழுந்து வந்து இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து நிறுத்திவிட்டாள். மிச்சமிருந்த எண்ணெய் அவள் முழங்கை வரை வழிந்தது. அப்படியே நின்றாள். ஏதோ மெதுவாகச் சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நானும் திருப்பிக்கொண்டேன்.

"சூடா இருக்கு தம்பி," என்றாள் பிறகு.

அவள் கையை எடுத்ததும் தொட்டுப் பார்த்தேன். அன்று வெயில் இல்லை, காலையிலிருந்தே மேகமூட்டம். அவள் கை இருந்த இடத்தில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்று இருந்தது. அவள் கையின் சூடாக இருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பட்டறைக்காரர் வந்து என்ஜினை எடுத்துப் போனார். வெறும் கூடாகிவிட்ட காரை மறுபடி போர்ச்சில் தள்ளி விட்டோம். முன்பக்கம் கனமில்லாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

இரண்டு மூன்று மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனபோது, இப்போது தூக்கம் வருகிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள். "அந்த நேரத்துக்கு முழிப்பு மட்டும் வந்துருது. படுத்துக்கிட்டே காத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்குது." கோப்பியை என் முன்னால் வைத்தாள். "அது இப்ப எங்க இருக்கு?"

"தெரியலக்கா. பழைய இரும்புக்குப் போயிருக்கும்."

உண்மையில் எனக்குத் தெரியும். கோலா கெத்திலில் காய்கறி விற்கும் ஒருவரின் வேனில் அதைப் பொருத்தியிருப்பதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். சொன்னால் போய்ப் பார்க்க வேண்டுமென்பாள். போய்க் கேட்டால் திரும்பி வர மாட்டாளோ என்று பயந்தேன்.

ஆனால் நான் போனேன். ஒரு சனிக்கிழமை காலை, அங்கே பாசார் சந்தையின் ஓரத்தில் அந்த வேன் நின்றிருந்தது. வியாபாரி என்ஜினை ஓடவிட்டபடியே கீரைக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தேன். எல்லா வேனும் போடுகிற சத்தம்தான். இருந்தும் நகர மனம் வரவில்லை.

"என்னண்ணே, யாரைத் தேடுறீங்க?" என்றார் அவர்.

"யாரையும் இல்ல," என்றேன்.

அவர் உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பினார். என்ஜின் உடனே அடங்கியது. நான் ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.