நேரான கோணல்

வீட்டில் டியூஷன் எடுக்கும் அம்மாக்களுக்கு ஒரு சாபம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும்: தெருப் பிள்ளைகளை எல்லாம் பாஸ் பண்ண வைத்துவிடலாம், பெற்ற பெண்ணை மட்டும் முடியாது. என் தியா ஆறாம் வகுப்பு. திங்கட்கிழமை கணக்கில் மறுதேர்வு. இதிலும் போனால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

பெயரில் வந்த வம்பு

என்னிடம் படிக்கும் யாஸ்மின் தமிழ் மீடியம். "நேர்கோணம்னா நூத்தியெண்பது டிகிரி" என்று ஒரு கோடு போட்டுக் காட்டினேன். கான்வென்ட்டில் 'ஸ்ட்ரெயிட் ஆங்கிள்' என்று நான் மனப்பாடம் செய்தது அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் சிஸ்டருக்குப் பிடிக்காது. யாஸ்மினுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நேரா இருக்கறது எப்டி மிஸ் கோணலாகும்?"

இரண்டு வரிசை

தியாவிடம் ப்ரொட்ராக்டரைக் கொடுத்து, அதே மாதிரி ஒரு கோட்டை அளக்கச் சொன்னேன். கோட்டின் மேல் சரியாகத்தான் வைத்தாள். இடது ஓரத்தில் வெளிவரிசையில் 0, உள்வரிசையில் 180. பூஜ்யம் என்று எழுதினாள். கத்திவிட்டேன். அழித்த அழிப்பில் தாள் கிழிந்தது.

"எந்த நம்பர்னு நீயே சொல்லிடும்மா, எழுதிடறேன்."

தேனாம்பேட்டை சிக்னல்

தியாவும் நானும் போன ஆட்டோவில், ஆட்டோக்காரர் வழியைத் தவறவிட்டு யூ-டர்ன் அடித்தார். சட்டென்று அதையே பாடமாகப் பிடித்துக்கொண்டேன்.

"பாரு தியா, முன்னாடி பாத்துண்டிருந்தோம், இப்போ அப்படியே பின்னாடி. பாதிச் சுத்து, அதான் நூத்தியெண்பது. கோணம்னா எவ்வளவு திரும்பினோம்கறதுதான்!"

"புரிஞ்சுதும்மா" என்ற தியாவின் கண் விரிந்தது. என்னுடையதும்தான். முப்பத்திரண்டு வயதில், மீட்டர் போடாத ஆட்டோவில், எனக்கே அன்றுதான் புரிந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னாமா, நான் ராங்கா போனதுக்கா பாடம் நடத்திகினு கீற?"

புரிந்தது

நேற்று சோதித்தேன். படுத்திருக்கும் கோட்டுக்கு நூற்றெண்பது என்றாள். அதே கோட்டை நிமிர்த்தி வரைந்து, நடுவில் புள்ளி வைத்துக் கேட்டேன். "தொண்ணூறு" என்றாள், நிமிர்ந்து நிற்கிறதே என்று.

"புரிஞ்சுதுன்னு சொன்னியேடி!"

அவள் என் கையிலிருந்த பென்சிலையே பார்த்தாள்.

"புரிஞ்சுதுன்னு சொன்னாதாம்மா நீ கத்தறது நிக்கறது."

ஆக, பாதிச் சுற்று திரும்ப வேண்டியவள் நான்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை பரீட்சை அவளுக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.