ஆம்ப்ரோஸ் வீட்டு ஹாலில் ஒரு சேஞ்ச்ஓவர்

அல்சூரில் முப்பது வருஷமாக வீடுகளுக்கு ஒயரிங் செய்துவரும் ஆம்ப்ரோஸுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கரண்ட் ஓடுகிற எதையும் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மகள் பிரிஸில்லா கிறிஸ்துமஸுக்கு ஹோம் தியேட்டர் வாங்கித் தந்தபோதும் அப்படித்தான் ஆயிற்று.

பத்துக்குப் பத்து ஹாலில் இன்னொரு ஜோடி ஸ்பீக்கருக்கு இடமில்லை. ஏற்கெனவே நின்ற ஜோடி, மனைவி கேத்தரினுடைய ஸ்டீரியோவைச் சேர்ந்தது. அவள் கோயில் பாடகர் குழுவில் இருக்கிறாள். பாட்டு மாஸ்டர் கிளெமென்ட், அவள் பாடவேண்டியதை இடது ஸ்பீக்கரிலும் மற்றக் குரல்களை வலதிலும் வருமாறு பதிந்து தருவார். இடதைக் கேட்டுப் பழகியபின் அதைக் குறைத்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அவளே பாடுவாள். இந்த வருஷம் ஈஸ்டர் பூசையில், முதல்முறையாக, தனியாகப் பாட அவளுக்கு நான்கு வரி கிடைத்திருந்தது. குருத்தோலை ஞாயிறுக்குள் அது பிடிபடாவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும்.

"பாட்டுதானே, அதென்ன வேலையா?" என்பார் ஆம்ப்ரோஸ். டிவிக்கும் பாட்டுக்கும் ஒரே ஜோடி போதும் என்று, மாடிப்படி விளக்குக்குப் போடுகிற டூ-வே ஸ்விட்ச் இரண்டை மாட்டினார். வீட்டு ஒயரிங்கில் சிவப்புக் கம்பிக்கு ஸ்விட்ச் வைத்தால் போதும், கறுப்பு எல்லாவற்றுக்கும் பொது. அதே நினைப்பில் ஸ்டீரியோ, ஹோம் தியேட்டர் இரண்டு பெட்டிகளின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டார். தவக்காலத்தின் இரண்டாம் வாரம், கேத்தரின் பாடி முடிப்பதற்குள் கிரிக்கெட்டுக்காக ஹோம் தியேட்டரையும் போட்டார். ஸ்டீரியோவிலிருந்து புகை வந்தது.

கேத்தரின் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை. பதிவைப் போனில் போட்டு, சத்தம் கூட வர அதை எவர்சில்வர் சொம்புக்குள் வைத்து, கேட்டுப் பாடினாள். இடது வலது இல்லாமல் எல்லாக் குரலும் கலந்து கூழாக வந்தது. தன் வழியை விட்டு மற்றவர்களோடு போய்விடுவாள், நிறுத்துவாள், மறுபடி தொடங்குவாள். இரண்டு நாள் அதைக் கேட்டபின் ஆம்ப்ரோஸ் ஸ்டீரியோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

எஸ்.பி. ரோட்டு மெக்கானிக் ஜெயராஜ் ஸ்டீரியோவைப் பிழைக்க வைத்தார். "இதுல கறுப்பு ஒயர் சும்மா இல்லண்ணா, அதுலயும் கரண்ட் ஓடுது. ரெண்டு பெட்டியும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது," என்றார். ஸ்டீரியோவை மட்டும் மாட்டி, ஹோம் தியேட்டரைப் பரணில் ஏற்றிவிடச் சொன்னார். ஆம்ப்ரோஸ் அப்படிப்பட்ட ஆளா? தான் மறந்தாலும் தப்பு நடக்கக் கூடாது, அப்படி ஒரு வழி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

வழி மறுநாள் தொம்மலூரில் ஒரு அப்பார்ட்மென்டின் ஜெனரேட்டர் அறையில் கிடைத்தது. சுவரில் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். கைப்பிடி மேலே என்றால் கட்டடத்துக்கு லைன் கரண்ட், கீழே என்றால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. கறுப்பும் சேர்த்து நாலு கம்பியும் ஒரே சமயத்தில் மாறும். இரண்டும் ஒருபோதும் சேராது. இந்த மாதிரி நூறு ஸ்விட்சாவது அவரே மாட்டியிருப்பார். இரண்டு ஸ்பீக்கருக்கும் அதே நாலு கம்பிதானே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பழைய சாமானில் கிடந்த ஒன்றைத் துடைத்து ஹால் சுவரில் ஏற்றினார். அரிசி டின் அளவுக்கு இரும்புப் பெட்டி. கேத்தரின் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னொரு தடவை புகைஞ்சா இந்த ஈஸ்டருக்கு நான் பாடறதில்லைங்க. அவ்வளவுதான்," என்றாள்.

அவர் கைப்பிடியை மேலே, நடுவில், கீழே வைத்து, ஒவ்வொரு கம்பியையும் மீட்டரால் மூன்று முறை பார்த்தார். பிறகுதான் ஸ்டீரியோவையும் ஹோம் தியேட்டரையும் இணைத்தார். கைப்பிடியை மேலே, ஸ்டீரியோ பக்கம் தள்ளியதும் இடதில் அவளுடைய நான்கு வரி தனியாக, தெளிவாக வந்தது. கேத்தரின் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆம்ப்ரோஸ் தன் பையிலிருந்து பூட்டையும் தகரப் பலகையையும் எடுத்தார். லைனில் ஆள் ஏறியிருக்கும்போது கீழே ஸ்விட்சில் பூட்டு போட்டு மாட்டுகிற பலகை அது. கைப்பிடியை மேலேயே வைத்துப் பூட்டி, பலகையைத் தொங்கவிட்டு, சாவியை அவளிடம் கொடுத்தார். அன்றைய மேட்சைச் சத்தமில்லாமல் பார்த்தார்.

குருத்தோலை ஞாயிறு வந்தது, வரிகள் அவளிடமே தங்கின. அன்று சாயங்காலம் மேட்ச் இருந்தது. கேத்தரின் சாவியை நீட்டினாள். ஆம்ப்ரோஸ் வாங்கவில்லை. "ஆள் வேலை செய்கிறார், ஸ்விட்சைப் போடாதே" என்ற பலகையைக் காட்டினார்.

"ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே. வேலை முடியலையே," என்றார்.